முதல் கேஸ்

திண்டிவனம் கோர்ட் வாசலில், ஜெனிபரின் சட்டக் கல்லூரி விண்ணப்பத்தில் நோட்டரி முத்திரை குத்தினார் வக்கீல் கோகுலகிருஷ்ணன்.

“இந்த மார்க்குக்கு சென்னையே கிடைக்குமேம்மா. அங்க படிச்சா ஹைகோர்ட்ல பெரிய ஆளா வரலாம். விழுப்புரத்துல என்ன இருக்குது?”

“அங்கேருந்து இந்தக் கோர்ட்டுக்கு பஸ்ல வந்துடலாம் சார். எனக்கு முதல் கேஸும் ரெடியா இருக்குது.”

“பரவாயில்லையே! யாரு கேஸு?”

அதற்குள் உள்ளே அமலா கொலை வழக்கைக் கூப்பிட்டார்கள்.

“இரும்மா, ஒரு வாய்தா வாங்கிக்கினு வந்துடறேன்” என்று அவசரமாக எழுந்தார்.

“அந்தக் கேஸுதான் சார். அமலா எங்கம்மா. கொன்னவனுக்காக ஒன்பது வருஷமா இழுத்துக்கினு இருக்கீங்க. இன்னும் அஞ்சே வருஷம் இழுங்க. நான் வந்துடறேன்.”