கையில்லா சார்

"காசி, காஷ்மீர், கல்கத்தான்னு ஒரு ஊரை விடலை மனுசன். ஆனா ஒரு கையை ஒழுங்கா வரையத் தெரியலை, பாத்தியா?"

பின்வரிசையில் மிஸ்ரியா யாரிடமோ சொல்லிச் சிரித்தது நஸீபாவின் காதில் விழுந்தது.

தென்காசியில் அவர்கள் படித்த பள்ளிக்கூடத்தில் அன்று டிராயிங் மாஸ்டர் கணேசமூர்த்திக்கு நினைவுக் கூட்டம். மேடையில் மாலை போட்ட போட்டோ. வெளியே சாரல்.

"யாரு வச்ச பேரோ, கையில்லா சார்னு! சாகுத வரைக்கும் அவரை விடலையே," என்றது இன்னொரு குரல்.

நஸீபா கையிலிருந்த காகிதத்தை இன்னும் சின்னதாக மடித்தாள். பழைய மாணவிகள் சார்பில் பேச எட்டு வரி எழுதி வைத்திருந்தாள். அந்தப் பேரை வைத்தது அவள்தான் என்பது அந்த எட்டு வரியில் இல்லை.

சாருக்கு வீடு குற்றாலத்தில். "உலகமே குற்றாலத்துக்கு வருது. இவரு குற்றாலத்தை விட்டு ஓடுதாரு," என்று மற்ற வாத்தியார்கள் கேலி பேசுவார்கள். முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே பையைத் தூக்கிவிடுவார்.

நஸீபா ஏழாம் வகுப்புக்குப் போகவிருந்த வருஷம், மன்சூர் என்ற பழைய மாணவன் டிக்கெட் போட்டுக் கூப்பிட, சார் சார்ஜாவுக்குப் போனார். போகும் முன்பு, அங்கே அப்பா வேலை செய்கிற பிள்ளைகளிடம் விலாசம் எழுதி வாங்கிக்கொண்டார். பதினொரு பிள்ளைகள்.

ஜூன் மாதம் பதினொரு பேருக்கும் அவரவர் வாப்பாவைச் சார் வரைந்த படம் வந்தது. முகமெல்லாம் அச்சு அசல். ஆனால் ஒருத்தருக்கும் கை தெரியவில்லை. ஒருவர் பேன்ட் பைக்குள் விட்டிருந்தார். ஒருவர் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். நஸீபாவின் வாப்பா சலீம் கழுத்து வரை போர்வை போர்த்தியிருந்தார்.

"சார்ஜா வெயில்ல போர்வையா சார்?" பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

வகுப்பே சிரித்தது.

"ஏசி ரூம்லா," என்றார் சார். "அதோட, கை வரையுதது ரொம்பக் கஷ்டம் பிள்ளைகளா."

நஸீபா சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. பக்கத்தில் இருந்த மிஸ்ரியாவின் காதில்தான், 'கையில்லா சார்' என்று சொன்னாள். மிஸ்ரியா பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னாள்.

அதன்பிறகு சார் போர்டுக்குப் போனாலே, "ஒரு கை வரைங்க சார்!" என்று பின்பெஞ்சு கத்தும். அவர் சிரித்துக்கொண்டே மலையை வரைவார். சாருக்குக் கை வராது என்று, பள்ளிக்கூடச் சுவரில் தலைவர்கள் படம் எழுத வெளியாள் வந்தார். சார் அவருக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏட்டி நஸீபா, இங்கன வா."

மேடைக்குப் பக்கத்திலிருந்து சாரின் மனைவி கோமதியம்மாள் கூப்பிட்டார். மேஜை மேல், குற்றாலத்துச் சாரலில் நமுத்துப்போன நோட்டுகள்.

"ஊர் ஊராப் போயி வரைஞ்சது. பிள்ளைக பாக்கட்டும்னு எடுத்துட்டு வந்தேன். அடுக்கி வையி தாயி."

ஒரு நோட்டில் 'சார்ஜா' என்று எழுதியிருந்தது. நஸீபா பிரித்தாள்.

முதல் பக்கத்தில் மிஸ்ரியாவின் வாப்பா. மடியில் இரண்டு கைகள். நரம்பு, நகக்கண், வெல்டிங் பொறி பட்ட தழும்பு, ஒன்றும் விடவில்லை. அடுத்த பக்கத்திலும் கைகள். அதற்கடுத்த பக்கத்திலும்.

கடைசிப் பக்கத்தில் அவள் வாப்பா. போர்வை இல்லை. முழங்கால் மேல் வலது கை. அதில் இரண்டு விரல்கள் இல்லை.

கீழே தேதி: 12.5.2012.

நஸீபா தேதியை மறுபடியும் பார்த்தாள். வாப்பா ஊர் திரும்பியது 2014-ல். "போன மாசந்தான் மெஷின்ல மாட்டிக்கிடுச்சு," என்று சொல்லித்தான் உம்மாவிடம் அந்தக் கையைக் காட்டினார்.

தேதிக்குக் கீழே பென்சிலில் சாரின் கையெழுத்து.

'வீட்டில் தெரியாது. தெரிந்தால் உடனே வரச் சொல்லிவிடுவார்களாம். மூத்த மகள் கல்யாணம் முடிய வேண்டுமாம். இவர் கையை மட்டும் மறைத்தால் சின்னவள் ஏன் என்று கேட்பாள். பதினொரு பேருக்கும் மறைத்துவிட வேண்டியதுதான்.'

நஸீபா நிமிர்ந்தாள். ஆண்கள் பக்கம் வாப்பா உட்கார்ந்திருந்தார். எப்போதும்போல வலது கை துண்டுக்கு அடியில்.

"அடுத்து, பழைய மாணவி நஸீபா," என்றார் தலைமையாசிரியர்.

காகிதத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு நோட்டுடன் மேடை ஏறினாள். மைக்கைக் கையில் எடுத்தாள்.

"கையில்லா சார்னு... முதல்ல சொன்னது நான்தான்."

கூட்டத்தில் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. முதல் பக்கத்தைப் பிரித்துத் தூக்கிக் காட்டினாள்.

"சாருக்குக் கை வரையத் தெரியும்."

சிரிப்பு நின்றது. மிஸ்ரியா எழுந்து முன்னால் வந்தாள். தன் வாப்பாவின் தழும்பை உற்றுப் பார்த்தாள்.

"எங்க வாப்பா கையேதான்! அப்புறம் ஏன்ட்டி எங்களுக்குத் தந்த படத்துல மறைச்சாரு?"

நஸீபா கடைசிப் பக்கம் காற்றில் புரண்டுவிடாதபடி நோட்டை நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"சொல்லேன்ட்டி. ஏன் மறைச்சாரு?"

ஆண்கள் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது.

சலீம் நடந்து வந்து மேடை ஏறினார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார். மகளிடமிருந்து மைக்கை, மூன்று விரல்களால் வாங்கினார்.