குழாய் மறைத்த விரிசல்

பழைய கார் ஒன்றின் அடியில் ஓடிய ரப்பர்க் குழாயில் மயிரிழை விரிசல் கண்டது. பெட்ரோல் வாடை கிளம்பியபோது குழாய், “டேங்க் அண்ணா, உங்கள் மூடிதான் சரியில்லை” என்று சாதித்தது. மெக்கானிக்கும் மூடியை மாற்றினார், வாடை போகவில்லை.

ஒரு காலை, காரின் சொந்தக்காரி கோமளவல்லி அம்மாள், வாடையை மறைக்க எண்ணி, கார்க் கதவைத் திறந்து வெளியே நின்றபடியே உள்ளிருந்த பிள்ளையார் முன் ஊதுபத்தி செருகித் தீப்பெட்டியைத் திறந்தார்.

“மூடி புதிது, தம்பி. இனி யாரைச் சொல்வாய்?” என்றது டேங்க்.

குழாய் பதறியது. விரிசல் தெரிந்தால் தன்னை அறுத்தெறிவார்கள். தெரியாவிட்டால் அம்மாள் எரிந்துபோவார். “பிள்ளையாரே, உன் திருவுளம்” என்று விரிசலை அகலத் திறந்தது. காலடியில் பெட்ரோல் சொட்டக் கண்ட அம்மாள், தீப்பெட்டியை மூடிவிட்டு மெக்கானிக்கை அழைத்தார்.

கத்தி குழாயின்மேல் இறங்கியது.

“வலிக்கிறதா, தம்பி?” என்றது டேங்க்.

“மறைத்து வைத்திருந்தபோதுதான் வலித்தது, அண்ணா.”