மூன்று திரைகளில் ஒரு முகம்

கடைச் சுவரில் மூன்று பெரிய டிவிகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. மூன்றிலும் அவன் கொண்டுவந்த பென் டிரைவின் ஒரே வீடியோ: ஜன்னலோரம் ஈரத் தலையைத் துவட்டியபடி அவன் மனைவி திரும்பிச் சிரிக்கிறாள். அவள் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. எல்.இ.டி.யில் அவள் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருக்கிறது. க்யூ.எல்.இ.டி.யில் காய்ச்சல் கண்டதுபோல் சிவந்திருக்கிறது. ஓ.எல்.இ.டி.யில் கூந்தல் அசல் கறுப்பு. ஆனால் முகமும் ஒரு படி கறுத்துத் தெரிகிறது. "கண்ண மூடிக்கிட்டு இத எடுங்க சார். இதுல கறுப்புன்னா கறுப்புதான்," என்கிறார் விற்பனையாளர், ரிமோட்டால் தொடையில் தட்டிக்கொண்டே. அவன் கண்ணை மூடித்தான் பார்க்கிறான். அவள் சிரிப்பு நினைவுக்கு வருகிறது, நிறம் வரவில்லை. "முகத்தோட கலர மாத்திக்கலாம் சார். மேடத்த ஒரு நாள் கூட்டிட்டு வாங்களேன், பக்கத்துல நிக்க வச்சு சரி பண்ணிடலாம்." கடைக்குள் நுழைந்ததிலிருந்து "நம்ம ஹாலுக்கு இது, குடிசைக்குள்ள யானைய கட்டுன மாதிரி மாமா," என்று கிண்டலடித்துக்கொண்டிருந்த மச்சான், அவளுடைய தம்பி, சட்டென்று அடங்குகிறான். அக்காவும் தம்பியும் நிறத்தில் ஒரே அச்சு என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். மச்சான் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டுகிறான். முன்னே வந்து, ஓ.எல்.இ.டி. திரையில் அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டிப் பிடிக்கிறான். "இதுக்கு வைங்கண்ணே." விற்பனையாளர் ரிமோட்டை அழுத்த அழுத்த, கன்னம் மெல்ல மெல்ல அந்தக் கையின் நிறத்துக்கு வருகிறது. வந்த பிறகும் மச்சான் கையை எடுக்கவில்லை.