பெயர் மறைத்த ஏலம்

ஏலம் முடிய நாலு நிமிடம் இருக்கும்போது, சிவதாணு மகள் ஆனந்தலட்சுமியின் படத்திலிருந்து வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுச் சரம் போட்டார். ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு செல்போன் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

திரையில் கொன்றை நின்றது. மஞ்சள் மினுங்கும் பெண் குதிரை. ஆன்லைன் விளையாட்டில் மட்டுமே உள்ள குதிரை. சின்ன வயதிலிருந்து ஆனந்தலட்சுமி தீனி போட்டு, பந்தயம் ஓட்டி வளர்த்தது. அவள் போய் ஒரு வருடமாகிறது. அவளுடைய போன் பீரோவுக்குள் கிடக்கிறது. அதைத் திறக்கும் எண் வீட்டில் யாருக்கும் தெரியாது; அந்த போன் இல்லாமல் விளையாட்டில் அவளுடைய லாயத்துக்குள் யாரும் நுழையவும் முடியாது. அருவிப்புறத்தில் ஆற்றில் இறங்கி, பிண்டம் வைத்துப் பலியும் போட்டாயிற்று.

ஆறு மாதம் ஆள் வராத லாயத்தின் குதிரைகளை ஒவ்வொன்றாக ஏலம் விடுவது அந்த விளையாட்டின் சட்டம். நடத்துகிறவர்களுக்குச் சிவதாணு எழுதிக் கேட்டார். இறப்புச் சான்றிதழ் அனுப்பினால் குதிரைகளை வீட்டாருக்கே தருகிறோம் என்று மரியாதையாகத்தான் பதில் வந்தது. முப்பது வருடம் பத்திர ஆபீஸில் தாள்களோடு குடித்தனம் நடத்திய மனுஷன், அந்த ஒரு தாளை மட்டும் அனுப்பவில்லை.

அதற்குப் பதிலாகத் தானே விளையாட்டில் சேர்ந்தார். மற்றவர்கள் புயல், மின்னல் என்று பெயர் வைத்துக்கொள்ள, இவர் மட்டும் ‘மு. சிவதாணு பிள்ளை, அமரவிளை’ என்று பதிந்தார். கண்டவன் குதிரைக்கெல்லாம் லத்தி வாரி, விளையாட்டு நாணயம் சேர்த்தார்.

முதல் ஏலத்தில் ஆனந்தலட்சுமியின் குட்டிக் குதிரை கைவிட்டுப் போயிற்று. கடைசி நொடிவரை பதுங்கியிருந்த எவனோ ஒருத்தன், இவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் தட்டிக்கொண்டு போனான். அன்று முழுக்க சிவதாணு சாப்பிடவில்லை.

மறுநாள் ‘பொருள்: ஏல முறைகேடு’ என்று தொடங்கி நாலு பக்கம் மனு எழுதினார். கடைசி நிமிடத்தில் யாராவது விலை கேட்டால் இன்னும் இரண்டு நிமிடம் கூட்ட வேண்டும். கேட்பது யார் என்பது ஏலம் முடியும்வரை வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் கூட்டம் சேர்ந்தவர்கள் மிரட்டி ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள். அமரவிளை ஜங்ஷனில் அவர் அதைச் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

இன்றைக்கு எல்லோரும் ஒதுங்கிய பிறகும் ஒரே ஒரு ஆள் விடுவதாக இல்லை. இவர் ஐம்பது கூட்டினால் அந்த ஆள் ஐந்து கூட்டுகிறது. நேரம் நீளும்; இவர் மறுபடி ஐம்பது; உடனே ஐந்து.

“எலே, கையில ஒண்ணும் இல்லாத பயலே, பின்ன எதுக்குலே மல்லுக்கு நிக்க?” என்று திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

மனைவி நீலாம்பாள் அடுக்களையிலிருந்து வந்து நின்றாள். இந்த ஒரு வருடத்தில் அவள் வாயிலிருந்து நாலு வார்த்தை சேர்ந்து வருவதே அபூர்வம்.

“கேட்டியளா, விட்டுருங்க. அதும் ஆசப்பட்ட பிள்ளையா இருக்கும்.”

“விடவா? இது எனக்க பிள்ளைக்க குதிரையாக்கும். தொறக்காத அந்த போன விட்டா, அவ கை பட்டதுன்னு இந்த வீட்டுல வேற என்ன உண்டு?”

“எல்லாத்தையும் எரிச்சது நீங்கதானே.”

சிவதாணு தலையைக் குனிந்துகொண்டார். “பத்து வயசுல எனக்க மடியில இருந்துதான் இதுக்குப் பேரு வச்சா, நீலா,” என்றார். மகளை நினைத்து அவர் வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

அதற்குள் அந்த ஆள் மூன்று கூட்டியிருந்தது. இவர் ஐம்பது கூட்டினார். சற்றுப் பொறுத்து அங்கிருந்து ஒன்று கூடியது.

“தீந்துது. இனி ஒண்ணும் கிடையாது அவனுட்ட!”

மிச்சமிருந்த நாணயம் முழுவதையும் ஒரே தட்டில் போட்டார். இரண்டு நிமிடம் மெல்லக் கரைந்தது. எதிர்ப்பக்கம் அசைவில்லை. கொன்றையின் கழுத்தில் சிவப்பு நாடா விழுந்தது.

“எனக்க பிள்ள வீட்டுக்கு வந்துட்டா,” என்று போனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சிவதாணு விம்மினார்.

ஏலம் முடிந்ததால் இரண்டு பக்கத்துப் பெயர்களும் வெளியே வந்தன. தோற்றவர் பெயர் ‘சாரல்’ என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெயரிலிருந்து ஒரு செய்தியும் வந்தது. கண்ணீரில் அவருக்கு எழுத்துத் தெரியவில்லை.

“என்ன எழுதியிருக்கான், வாசி. கெஞ்சுதானாக்கும்,” என்று நீலாம்பாளிடம் போனை நீட்டினார்.

அவள் ஒருமுறை மனசுக்குள் வாசித்தாள். சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி உரக்க வாசித்தாள்.

“அப்பா, கடலுக்குப் போற கடப்புறத்துப் பையனக் கெட்டினதுக்கு எனக்கு உயிரோட பலி போட்டிய; கொன்றையையாவது தந்துருங்க.”