மூட்டைமேல் இருந்த சொல்

மட்டாஞ்சேரி மிளகு வியாபாரி நஜ்முதீன் ராவுத்தருக்குக் காலையில் தந்தி வந்தது. பம்பாயில் மகள் ஜலீலாவுக்கு நேற்று ஆபரேஷன்.

"மோளுக்கு எப்படியிருக்கு, சொல்லுங்க," என்றாள் மனைவி சுலைஹா.

ஆங்கிலம் தெரியாத அவருக்கு, அடியில் மையால் எழுதியிருந்த 'கார்பிள்டு' (garbled) மட்டும் பழகிய சொல். கல், தூசி நீக்கிச் சுத்தம் செய்த மிளகு மூட்டைகளில் அச்சிடுவது.

"நல்லபடியா முடிஞ்சிருக்கு," என்றார்.

சுலைஹா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பதில் தந்தி கொடுக்கப் போனவர், 'கார்பிள்டு'ன்னா சுத்தமாயிடுச்சுன்னுதானே என்று கேட்டதும், தந்தி ஆபீஸ் குமாஸ்தா சொன்னார்: "ராவுத்தரே, அந்த அர்த்தம் உங்க மிளகுக்கு. எங்களுக்கு, எழுத்தெல்லாம் குழம்பிக் கெடக்குன்னு அர்த்தம். பம்பாய் ஆபீஸுக்குத் திரும்ப அனுப்பச் சொல்லியிருக்கோம்."

ராவுத்தர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் சரியான தந்தி வந்தது. ஜலீலா நலம்.

வீட்டுக்கு ஓடிப்போய், "மோள் நல்லாயிருக்கா," என்று அதை நீட்டினார்.

"இதைத்தான் காலையிலேயே சொன்னீங்களே," என்றாள் சுலைஹா. "இதுக்கு ஏன் அழுறீங்க?"