தாழ்ப்பாள் போட்ட கூட்டம்

“உங்களை யாரும், எங்கேயும், உங்க விருப்பம் இல்லாம பிடிச்சு வைக்க முடியாது!”

மைக்ல முழங்கினார் தொழிலாளர் நல ஆபீசர். மேனேஜர் கண்ணைக் காட்டினதும், நேரா போய் ஹால் கதவைப் பூட்டி, சாவியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டார்.

அந்தச் சட்டைக் கம்பெனியில அவருக்குப் பேரே ‘தாழ்ப்பாள்’தான்.

ஞாயித்துக்கிழமை. ‘கட்டாய வேலை தடுப்பு’ விளக்கக் கூட்டம். வராதவங்களுக்கு மெமோ.

காஜா தைக்கிற அக்கா எழுந்தாங்க. “சார், நாலு மணிக்கு எம்பொண்ணு ஸ்கூல்ல நாடகம். கிளம்பட்டுங்களா?”

“என்ன வேஷம்?”

“மரம் சார்.”

முன்வரிசையில மேனேஜர் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சார். “மரம் எங்கேயும்மா ஓடிடப் போகுது? நின்னுக்கிட்டேதானே இருக்கும். உக்காரு, உக்காரு.”

“கேட்டீங்கல்ல? உக்காருங்க,” அப்படின்னார் தாழ்ப்பாள்.

மேனேஜர் பக்கத்துல, சட்டை வாங்குற கம்பெனியிலிருந்து கூட்டத்தைப் பார்வையிட வந்த மேடம் லேப்டாப்ல மூழ்கிக் கிடந்தாங்க.

மணி மூணேகால். கொள்கைப் புத்தகத்துல இன்னும் இருபத்திமூணு பக்கம் பாக்கி.

“இப்போ புகார்ப் பெட்டி வருது. பேர் வேண்டாம். பயப்படாம எழுதுங்க!”

அக்கா பேனாவைத் திறந்தாங்க. மேனேஜர் திரும்பிப் பார்த்தார். மூடிட்டாங்க.

“எழுதலேன்னா பேனாவை இப்படிக் குடுங்க. எனக்கு வேலை இருக்கு.” பிடுங்காத குறையா வாங்கிட்டுப் போனார் தாழ்ப்பாள்.

பெட்டியைத் திறந்து மேனேஜரே படிச்சார். ‘டீ நல்லா இருந்துச்சு.’ ‘டீ ரொம்ப நல்லா இருந்துச்சு.’ ‘ரெண்டாவது டீ வருமா?’

நாலாவது சீட்டைப் பிரிச்சவர் சட்டுனு மடிச்சார். மேடம் கை நீட்டி வாங்கிட்டாங்க. சத்தமா படிச்சாங்க.

‘நாலு மணிக்குப் பிள்ளையோட நாடகம். லீவு நாள்ல மெமோன்னு மிரட்டி வரவெச்சு, கதவையும் பூட்டியிருக்காங்க. இதுக்குப் பேர் என்ன?’

ஹாலே அக்காவைப் பார்த்துச்சு.

“நீதானே?” மேனேஜர் பல்லைக் கடிச்சார்.

“சத்தியமா இல்ல சார்! எங்கிட்ட பேனாவே இல்ல!”

“யார் எழுதினதுன்னு கேக்கவே கூடாது. உங்க கொள்கைதான், அஞ்சாம் பக்கம்,” அப்படின்னாங்க மேடம். “முதல்ல கதவைத் திறங்க. கூட்டத்தை வேலை நேரத்துல வெச்சுக்கலாம்.”

மேனேஜருக்கு வேர்த்துக் கொட்டிச்சு. தாழ்ப்பாள் ஓடிப்போய்த் திறந்தார்.

மணி மூணே முக்கால். பஸ் ஸ்டாப்புக்கு ஓடின அக்கா பக்கத்துல ஒரு ஸ்கூட்டர் கிறீச்சுன்னு நின்னுச்சு.

தாழ்ப்பாள்!

“இந்தாங்க, உங்க பேனா. நல்லா எழுதுதுங்க.”

அக்கா பேனாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாங்க. “சார்... நீங்களா?”

“கேள்வியெல்லாம் அப்புறம். ஏறுங்கம்மா சீக்கிரம்! உங்க மரத்துல தொங்கப்போற குரங்கு எம்புள்ளதான்!”