ஒட்டிப்போன சப்பையும் மிளகும்

ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் செல்கள் மிதந்துகொண்டிருந்தன. நீலச் சாயம் தூக்கம் மாதிரி மெல்ல அவற்றுக்குள் இறங்கி, டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு மின்னியது. இரண்டாகப் பிரியத் தயாரான பெரிய செல்களிடம் டி.என்.ஏ. இரண்டு மடங்கு இருந்ததால், அவை இரண்டு மடங்கு மின்னின. சின்னவை மங்கலாக மின்னின.

கீழே லேசர் ஒவ்வொன்றாகப் பார்த்து அனுப்பியது. பிரகாசமானவை வலது கிண்ணத்துக்கு, மங்கலானவை இடது கிண்ணத்துக்கு. இரண்டிலும் அதே சூடு, அதே சாப்பாடுதான். ஆனாலும் எல்லாருக்கும் வலதுதான் வேண்டும்.

"டேய், நம்மள சின்னப் பசங்களோட போட்ருவான்டா" என்றது சப்பை என்ற மங்கலான செல்.

"என்னோட ஒட்டிக்கோ. ரெண்டு பேர் வெளிச்சமும் சேர்ந்தா ஒரு பெரிய ஆளுதானே?" என்றது பக்கத்தில் மிதந்த இன்னொரு மங்கலான செல், மிளகு.

ஒட்டிக்கொண்டு, நீல வெளிச்சத்தில் அசைந்து அசைந்து இறங்கின.

லேசர் உற்றுப் பார்த்தது. "வெளிச்சம் சரியாத்தான் இருக்கு. ஆனா ஒரு ஆள் கடந்துபோக இவ்வளவு நேரமா? நீங்க ரெண்டு பேர்தானே?"

"இல்ல, ஒரே ஆளுதான்!" என்று இரண்டும் சேர்ந்து கத்தின.

ஒட்டி வந்தவர்களுக்கு வலதும் கிடையாது, இடதும் கிடையாது. கழிவுப் பாட்டிலில் போய் விழுந்தன. அங்கே ஒரே குளிர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இடது கிண்ணத்தில், ஒரு மங்கலான செல் மெல்ல வளர்ந்து, சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்தது.

"அது நம்ம பக்கத்துல மிதந்த பொடியன்தானடா?" என்றது சப்பை.

"பேசாம இரு" என்றது மிளகு, இன்னும் ஒட்டிக்கொண்டே.